சபை நடுவே அவமானப்பட்ட வாலிபன்: விஞ்ஞானி சந்திரசேகரின் கதை



றிச்மண்ட் ஹில்லில், யங் வீதிக்கும் பேவியூ வீதிக்கும் இடையே, வீடுகளின் நடுவில் பெரிய வெள்ளைக் குவிமாடம் ஒன்று நிற்கிறது. நம்மில் பலர் கடைக்கும் பாடசாலைக்கும் வேலைக்கும் அந்தப் பக்கமாகப் போய் வருகிறோம். கடந்த கோடையில் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் சிலரோடு அங்குள்ள பூங்காவில் நடந்தபோது, ஒரு தம்பி அதைக் காட்டி, "இது என்ன, தண்ணீர்த் தாங்கியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது என்னவென்று சரியாகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அது டேவிட் டன்லப் வானாய்வகம். 1935ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி திறக்கப்பட்டது. கணவரின் நினைவாக ஜெசி டன்லப் அம்மையார் கொடுத்த பணத்தில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டப்பட்டது. உள்ளே இருக்கும் தொலைநோக்கியின் கண்ணாடி 74 அங்குல அகலம். அந்த நாளில் உலகத்திலேயே இரண்டாவது பெரிய தொலைநோக்கி அதுதான்.

அதே 1935இல், அந்தக் கதவு திறப்பதற்கு ஏறத்தாழ நாலரை மாதங்களுக்கு முன், இலண்டனில் வேறொரு காரியம் நடந்தது. இருபத்துநான்கு வயதுத் தமிழ் வாலிபன் ஒருவன், பெரிய விஞ்ஞானிகள் கூடிய சபை நடுவே எழுந்து தன் ஆராய்ச்சியைச் சொன்னான். அவனுக்குப் பின் பேச எழுந்தவர், அந்தத் துறையிலேயே எல்லோரும் மதித்த மூத்தவர். அவர் அந்த ஆராய்ச்சியைக் கேலி செய்தார். சபை சிரித்தது.

அந்த வாலிபன் சுப்பிரமணியன் சந்திரசேகர். நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அவர் நோபல் பரிசு பெற்றார். இலண்டனில் சிரிக்கப்பட்ட அந்த ஆராய்ச்சியும், நம் அயலிலுள்ள இந்தக் குவிமாடமும் பின்னொரு நாளில் ஓரிடத்தில் சந்தித்தன. அதைத்தான் இந்த இதழில் எழுத விரும்பினோம்.

தாயும் பிள்ளையும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி லாகூரில் பிறந்தார். குடும்பம் தமிழ்க் குடும்பம். தந்தை சுப்பிரமணிய ஐயர் புகையிரதத் திணைக்களத்தில் கணக்குப் பிரிவில் உயர் பதவியில் இருந்ததால் வடக்கே வாழ்ந்தார்கள். 1918இல் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் குடியமர்ந்தார்கள். பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இவர் மூத்த மகன். சிறிய தந்தை சி. வி. ராமன், 1930இல் நோபல் பரிசு பெற்றவர்.

பன்னிரண்டு வயது வரை வீட்டில்தான் படிப்பு. காலையில் வேலைக்குப் போகுமுன் தந்தை சொல்லிக்கொடுப்பார். தமிழ் சொல்லிக்கொடுத்தவர் தாயார் சீதாலட்சுமி. அந்த அம்மா பாடசாலையில் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் தாமாகவே ஆங்கிலம் கற்று, நோர்வே நாட்டு எழுத்தாளர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர்.

பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அதன்பின் மாநிலக் கல்லூரி. மகன் ஐ.சி.எஸ். பரீட்சை எழுதி அரசாங்க அதிகாரியாக வர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கு விஞ்ஞானத்தில்தான் மனம். இந்தச் சண்டை நம் வீடுகளுக்குப் புதிதல்ல, ஐ.சி.எஸ். என்ற இடத்தில் மருத்துவம் என்றோ பொறியியல் என்றோ போட்டுக்கொள்ளுங்கள். தாயார் மகனின் பக்கம் நின்றார்.

1928இல் ஜெர்மனியின் பெரிய பௌதிகவியல் அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தைச் சந்திரசேகர் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய், தாம் படித்ததைச் சொன்னார். அவரோ, அந்தப் புத்தகத்தில் உள்ளது பழையதாகிவிட்டது, பௌதிகவியலே மாறிவிட்டது என்று சொன்னார். நாமாக இருந்தால் இவ்வளவு படித்தும் வீணாயிற்றே என்று முகம் வாடியிருப்போம். இவரோ, அவர் கையில் கொடுத்த புதிய கட்டுரையை வாங்கிப் போய்ப் படித்து, சில மாதங்களில் அதே வழியில் தாமே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அது இங்கிலாந்தில் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. அப்போது அவர் இன்னும் கல்லூரி மாணவர்.

1930இல் கேம்பிரிட்ஜ் போக அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. அந்த நேரம் தாயார் கடுமையான நோயில் இருந்தார். போனால் திரும்ப முகம் பார்க்க முடியுமா என்பது ஒருவருக்கும் தெரியாது. போ என்று சொன்னவர் அந்தத் தாயார்தான். ஜூலை 31ஆம் திகதி மகன் பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் தாயார் இறந்தார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். ஊருக்குத் திரும்பி வந்தது 1936இல்தான்.

இந்த வரிகளை எழுதும்போது நம் சபைக் குடும்பங்கள் பலவற்றின் முகம் நினைவுக்கு வந்தது. விசா இல்லாமலோ, யுத்தத்தாலோ, கொவிட் காலத்தாலோ பெற்றோரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் நிற்க முடியாமல் போனவர்கள் நம் நடுவே உண்டு. மரணச் சடங்கைக் கைபேசியில் பார்த்து அழுதவர்கள் உண்டு. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கேம்பிரிட்ஜில் இருந்த அந்தப் பிள்ளைக்கு வந்தது ஒரு செய்தி மட்டுமே.

கப்பலில் போட்ட கணக்கு

பத்தொன்பது வயதில் அந்தக் கப்பலில் போகும்போது அவர் ஒரு கணக்கைப் போட்டார். அது என்ன என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

ஒரு விண்மீன் எரியும்போது இரண்டு வல்லமைகள் அதில் மோதிக்கொள்கின்றன. விண்மீனின் சொந்தப் பாரம் அதை உள்ளே அமுக்குகிறது. உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே தள்ளுகிறது. எரிபொருள் தீர்ந்தால் வெப்பம் குறையும், பாரம் வெல்லும், விண்மீன் சுருங்கும். நம் சூரியனைப் போன்ற ஒன்று கடைசியில் பூமி அளவுக்குச் சுருங்கி நின்றுவிடும். இதை வெண்குள்ளன் என்கிறார்கள். அதிலுள்ள பொருள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், ஒரு தேக்கரண்டி அளவே பல தொன் எடை இருக்கும்.

அந்த நிலையில் அது மேலும் சுருங்காமல் தாங்குவது எது? அணுவில் உள்ள இலத்திரன்கள். ஒரே இடத்தில், ஒரே நிலையில் இரண்டு இலத்திரன்கள் இருக்கமாட்டா. அமுக்க அமுக்க அவை எதிர்த்துத் தள்ளும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபவுளர் 1926இல் இதைக் காட்டியிருந்தார். அந்தக் கணக்கின்படி எவ்வளவு பெரிய விண்மீனும் கடைசியில் வெண்குள்ளனாகி அமைதியாக ஓய்ந்துவிடும்.

சந்திரசேகர் கப்பலில் ஒன்றைக் கவனித்தார். அவ்வளவு அமுக்கத்தில் இலத்திரன்கள் ஒளியின் வேகத்துக்குக் கிட்ட ஓடும். அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தபோது ஓர் எல்லை வந்தது. இன்றைய கணக்கில், சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு எடை. அதற்குள் இருந்தால் விண்மீன் வெண்குள்ளனாக நிற்கும். அதற்கு மேலே போனால் இலத்திரன்களால் தாங்க முடியாது. அது விழுந்துகொண்டே போகும்.

எங்கே போய் நிற்கும்? அந்த நாளில் ஒருவருக்கும் தெரியாது. இன்று அந்த எண்ணுக்குச் "சந்திரசேகர் எல்லை" என்று பெயர்.

1935 ஜனவரி 11

கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1933இல் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவு செய்யப்பட்டார். கணித மேதை ராமானுஜனுக்குப் பின் அந்த இடத்தைப் பெற்ற இந்தியர் இவர்தான். தன் கணக்கை இன்னும் முழுமையாக, ஒரு ஓட்டையும் இல்லாமல் செய்து முடித்தார்.

அதே கல்லூரியில் இருந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. 1919இல் சூரிய கிரகணத்தைப் படம் பிடித்து, ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று காட்டியவரும் அவரே. அந்த மாதங்களில் அவர் அடிக்கடி சந்திரசேகரின் அறைக்கு வந்து, கணக்கு எவ்வளவு தூரம் போயிற்று என்று கேட்பார். அந்த வாலிபன் ஒன்றும் மறைக்காமல் காட்டுவார். இலண்டன் கூட்டத்தில் அவருக்குப் பேசக் கூடுதல் நேரம் வாங்கிக்கொடுத்தவரும் எடிங்டனே. தாம் எதிர்த்துப் பேசப்போவதாக மட்டும் அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

ஜனவரி 11 அன்று ரோயல் வானியல் சங்கத்தில் சந்திரசேகர் பேசி அமர்ந்தார். எடிங்டன் எழுந்தார். அந்தக் கணக்கின்படி பார்த்தால், விண்மீன் ஒளி வீசி வீசி, சுருங்கிச் சுருங்கி, சில கிலோமீற்றர் அளவுக்கு வந்து, தன் ஒளியையே வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விடும் என்று விளக்கினார். இது அபத்தம், இப்படி ஒரு விண்மீன் நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு சட்டம் இருந்தே தீரும் என்றார். கூட்டம் சிரித்தது.

கவனியுங்கள்: அவர் கேலியாக விவரித்தது இன்று நாம் கருந்துளை என்று சொல்வதை. கணக்கு எங்கே கொண்டுபோகிறது என்பதை அந்தச் சபையில் மற்றவர்களைவிடத் தெளிவாகக் கண்டவர் அவர். கண்டும், அதை நம்ப அவருக்கு மனம் வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் பலர் வந்து அனுதாபம் சொல்லிப் போனார்கள். எடிங்டனே மறுத்தால் வாலிபன் சொன்னது பிழையாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள். சந்திரசேகர் போர், பௌலி போன்ற பெரிய பௌதிகவியலாளரின் கருத்தைக் கேட்டார். எடிங்டன் சொல்வதுதான் பிழை என்று தனிமையில் ஒத்துக்கொண்டார்கள். பகிரங்கமாக எழுத ஒருவரும் முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிசில் கூடிய சர்வதேச வானியல் கூட்டத்தில் எடிங்டன் திரும்பவும் அதைத் தாக்கிப் பேசினார். பதில் சொல்லச் சந்திரசேகர் அனுமதி கேட்டபோது, வேண்டாம் என்று மறுக்கப்பட்டது.

தாதியர் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் எங்களுக்கும் இப்படி ஒரு காலை உண்டு. கடமை மாறும் நேரம். ஒரு வயோதிபருக்கு மூச்சு வேகம் கூடுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்று சொன்னோம். "புதிதாக வந்தவர்களுக்கு எல்லாமே ஆபத்தாகத்தான் தெரியும்" என்றார் ஒரு மூத்தவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டோம். அன்று மாலைக்குள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் சொன்னது சரியாகிப் போனதில் சந்தோஷம் வரவில்லை. சிரிப்புக்குப் பயந்து இரண்டாம் முறை சொல்லாமல் விட்டதுதான் இன்றுவரை மனதை உறுத்துகிறது.

அதனால்தான், அடுத்து சந்திரசேகர் என்ன செய்தார் என்பது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

புத்தகமாக எழுதி வைத்தார்

அவர் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. எடிங்டனைத் திட்டியும் எழுதவில்லை. தன் கணக்கை ஒரு புத்தகத்தில் ஒழுங்காக எழுதி வைத்தார். விண்மீன்களின் கட்டமைப்பைப் பற்றிய அந்தப் புத்தகம் 1939இல் வெளிவந்தது. பிறகு அந்த விஷயத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். சரி என்றால் ஒருநாள் மற்றவர்கள் கண்டுகொள்வார்கள், அதுவரை அதையே கட்டிப்பிடித்துச் சண்டை போடுவதில் வாழ்நாள் போய்விடும் என்பது அவர் எடுத்த முடிவு.

இதுவே பிறகு அவருடைய வாழ்க்கை முறையாயிற்று. ஒரு துறையை எடுப்பார். பல ஆண்டுகள் அதிலே ஆழமாக உழைப்பார். தெரிந்ததெல்லாவற்றையும் ஒரு பெரிய புத்தகமாக எழுதுவார். பிறகு அதை விட்டு இன்னொரு துறையில் மாணவனைப் போல முதலிலிருந்து தொடங்குவார். விண்மீன்களின் அசைவு, ஒளி பரவும் விதம், திரவங்களின் ஓட்டம், சுழலும் கோளங்களின் உருவம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார்.

இதில் அவருக்கு நட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த எல்லையின் முழு அர்த்தமும் உலகுக்கு விளங்கப் பல ஆண்டுகள் பிந்தின. ஆனாலும், எடிங்டன் அன்று ஏற்றுக்கொண்டிருந்தால் இளம் வயதிலேயே பெரும் புகழ் வந்திருக்கும், அது தமக்கு நன்மையாக இருந்திருக்குமா தெரியாது என்ற கருத்தில் அவர் முதிர்ந்த வயதில் பேசியிருக்கிறார்.

பனி நாட்டில் ஒரு தமிழ்க் குடும்பம்

1936இல் ஊருக்கு வந்து லலிதாவை மணந்தார். லலிதாவும் மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் படித்தவர். அடுத்த ஆண்டு இருவரும் அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்துக்குப் போனார்கள். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யெர்க்கீஸ் வானாய்வகம் அங்கே, வில்லியம்ஸ் பே என்ற சிற்றூரில் இருந்தது.

நமக்கு இங்கே மார்க்கம் வீதியில் இறங்கினால் கறிவேப்பிலை கிடைக்கும். அந்த நாளில், மரக்கறி மட்டும் உண்ணும் ஒரு தமிழ்த் தம்பதி, அந்தப் பனி ஊரில், தம் மொழி பேச ஒருவரும் இல்லாமல் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1964 வரை அங்கேயே வாழ்ந்தார்கள். லலிதா தம் சொந்த விஞ்ஞானப் படிப்பைத் தொடரவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் பலர் கொடுத்த விலை அது. சந்திரசேகரின் வெற்றிகளைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிற வேற்றுமையும் இருந்தது. சிக்காகோ வளாகத்தில் அவர் வகுப்பு எடுக்கத் திட்டமிட்டபோது, கறுப்பு நிறத்தவர் வேண்டாம் என்று பீடாதிபதி தடுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் குறுக்கிட்டு, அவர் தாராளமாகப் படிப்பிக்கட்டும் என்று தீர்த்துவைத்தார். அவர் தம் பதவியைப் பயன்படுத்திப் பேசியதால் ஒரு வகுப்பறைக் கதவு திறந்தது. இலண்டனிலும் பாரிசிலும் அப்படிப் பேச ஒருவர் இல்லாமல் போனதை நினைத்துப் பாருங்கள்.

1940களில் அவர் வில்லியம்ஸ் பேயிலிருந்து சிக்காகோவுக்கு நெடுந்தூரம் காரோட்டிப் போய், இரண்டே மாணவர்கள் உள்ள ஒரு வகுப்புக்குப் பாடம் எடுத்தார் என்று சொல்வதுண்டு. அந்த இருவர் லீ, யாங் என்ற சீன மாணவர்கள். 1957இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆசிரியருக்குக் கிடைக்க இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தன!

1952 முதல் 1971 வரை வானியல் பௌதிகத்தின் முக்கியமான ஆராய்ச்சிச் சஞ்சிகைக்கு அவர் ஆசிரியராக இருந்தார். ஒரு காலத்தில் பதில் பேச அனுமதி மறுக்கப்பட்டவரிடம், பத்தொன்பது ஆண்டுகள் மற்றவர்களின் கட்டுரைகள் தீர்ப்புக்கு வந்தன.

றிச்மண்ட் ஹில் சொன்ன சாட்சி

இப்போது நம் வெள்ளைக் குவிமாடத்துக்கு வருவோம்.

1964இல், அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்தில் பலமான எக்ஸ்-கதிர்கள் வரும் ஓர் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குச் சிக்னஸ் எக்ஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். அந்த இடத்தில் ஒரு பெரிய நீல விண்மீன் தெரிந்தது. 1971இல் டன்லப் வானாய்வகத்தில் தொம் போல்ற்றன் என்ற இளம் ஆய்வாளர், இருபத்தெட்டு வயது, அந்த நீல விண்மீனை 74 அங்குலத் தொலைநோக்கியால் இரவிரவாகப் படம் பிடித்தார். அதன் ஒளி, நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதுமாக, 5.6 நாட்களுக்கு ஒருமுறை ஆடிக்கொண்டிருந்தது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதோடு சேர்ந்து சுற்றுகிறது.

அந்தத் தெரியாத பொருளின் எடையைக் கணக்கிட்டார்கள். சந்திரசேகர் எல்லையை விட அது எவ்வளவோ அதிகம். ஆகவே அது வெண்குள்ளனாக இருக்க முடியாது. வெண்குள்ளனுக்கு அடுத்தபடியான நியூத்திரன் விண்மீனுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு, அதையும் தாண்டியிருந்தது. மிஞ்சியது ஒன்றுதான்: கருந்துளை. இங்கிலாந்தில் வெப்ஸ்டர், மேர்டின் என்ற இருவரும் அதே நேரத்தில் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். 1972இன் தொடக்கத்தில் இரண்டு தரப்பின் கட்டுரைகளும் வெளிவந்தன. ஸ்டீவன் ஹோக்கிங், அது கருந்துளை அல்ல என்று 1974இல் நண்பரோடு பந்தயம் கட்டி, 1990இல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

1935 ஜனவரியில் எது நடக்கவே நடக்காது என்று சபை சிரித்ததோ, அதற்கு அதே 1935இல் திறக்கப்பட்ட தொலைநோக்கி சாட்சி சொன்னது. அதுவும் நம் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டும் இடத்திலிருந்து.

தாதியர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நாங்கள் தினமும் இரத்தத்தை எடுத்து ஹீமோகுளோபின் பார்க்க அனுப்புகிறோம். அதில் உள்ள இரும்பு, வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுவதும் சேர்த்தால் மூன்று நான்கு கிராம் மட்டுமே. அந்த இரும்பு விண்மீன்களில் உண்டானது. வெண்குள்ளன் ஒன்று அந்த எல்லையை நெருங்கி வெடிக்கும்போது ஏராளமான இரும்பு வெளியே வீசப்படுகிறது. பெரிய விண்மீன்களின் இரும்பு நடுப்பகுதி அந்த எல்லையைத் தாண்டி இடிந்து விழும்போதும் அவை வெடித்துச் சிதறுகின்றன. கப்பலில் ஒரு பிள்ளை போட்ட கணக்கு, நாங்கள் கையில் பிடிக்கும் அந்தச் சின்னக் குழாய் வரை வருகிறது. இதை நினைக்கும்போது, படைத்தவரைப் பற்றிய பயமும் வியப்பும் எங்களுக்கு வருகின்றன.

1983ஆம் ஆண்டு ஒக்டோபர் 19, சந்திரசேகரின் எழுபத்துமூன்றாவது பிறந்தநாள். அன்றுதான் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. வில்லியம் ஃபவுளர் என்ற அமெரிக்கரோடு அதைப் பகிர்ந்துகொண்டார். வாழ்நாள் முழுவதும் செய்த வேலையை விட இளமையில் செய்ததையே முன்னிறுத்தினார்களே என்று அவருக்குச் சிறிது மனக்குறை இருந்தது என்பார்கள். அதே ஆண்டில்தான் கருந்துளைகளைப் பற்றி 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அவருடைய புத்தகமும் வந்தது. 1995 ஓகஸ்ட் 21ஆம் திகதி சிக்காகோவில் இறந்தார். 1999இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் பெயரால் "சந்திரா" என்று பெயரிட்டார்கள்.

எடிங்டனைப் பற்றிய ஒரு சொல்

இந்தக் கதையை நம் பத்திரிகையில் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சந்திரசேகர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். தம்மை நாத்திகர் என்றே சொன்னவர். எடிங்டனோ பக்தியுள்ள குவேக்கர் கிறிஸ்தவர். முதலாம் உலகப் போரில், ஆயுதம் தூக்க என் மனச்சாட்சி இடம் தராது என்று உறுதியாக நின்றவர். போர் முடிந்த கையோடு, பகை நாடான ஜெர்மனியிலிருந்த ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று இங்கிலாந்தில் எழுந்து சாட்சி சொன்னவர். அந்த நல்ல மனிதர்தான், தம் சொந்தக் கல்லூரியில், தம்மை நம்பிக் கணக்கைக் காட்டிய ஒரு வாலிபனைச் சபை நடுவே வெட்கப்படுத்தினார்.

ஏன் என்பதற்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். தாம் கட்டிக்கொண்டிருந்த சொந்தக் கோட்பாட்டில் அவருக்கு இருந்த பற்று என்பார் சிலர். ஆட்சி செய்யும் நாட்டுக்காரர் அடிமை நாட்டு மாணவனைப் பார்த்த பார்வை என்பார் வேறு சிலர். எது எப்படியானாலும், பக்தி இருப்பதாலேயே நாம் ஒருவரையும் காயப்படுத்தமாட்டோம் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் செய்தது அநியாயம். அவர் பக்தர் என்பதற்காக அதை நாம் சிறிதாக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் சந்திரசேகர் அவரை வெறுக்கவில்லை. கருத்தில் எதிராக நின்றபோதும் இருவரும் பேசிக்கொண்டார்கள். அமெரிக்காவுக்குப் போன பின்னும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1944இல் எடிங்டன் இறந்தார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1982இல், கேம்பிரிட்ஜில் அவரைப் பற்றி நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவர் சந்திரசேகரே. அது அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது. தம் காலத்து வானியல் பௌதிகவியலாளரில் மிகச் சிறந்தவர் எடிங்டன் என்று அதன் தலைப்பிலேயே சொன்னார். உள்ளே, அவர் செய்த தவறையும் அதனால் அந்தத் துறைக்கு வந்த பின்னடைவையும் தெளிவாகச் சொன்னார். பிழையைப் பிழை என்று சொல்லி, மனிதனை மனிதனாக மதித்தார். மன்னிப்பைப் பற்றி நாம் எத்தனையோ முறை பேசுகிறோம். நம் விசுவாசத்தைச் சேராத ஒருவர் அதை வாழ்ந்து காட்டியிருக்கிறார் என்றால், அதை நன்றியோடு கற்றுக்கொள்வதில் நமக்குக் குறைவில்லை.

நமக்கு

தம்பிமாரே, தங்கைமாரே, உங்களில் சிலரை வகுப்பில் சிரித்திருப்பார்கள். சிலரின் யோசனையைச் சபைக் கூட்டத்திலேயே, "நீ சின்னப்பிள்ளை, இரு" என்று தள்ளிவிட்டிருப்பார்கள். முதலில் உங்கள் கணக்கைத் திரும்பப் பாருங்கள். சிரிக்கப்பட்டவர் எல்லோரும் சரியானவர்கள் அல்ல. சந்திரசேகரும் பெரியவர்களிடம் காட்டிச் சரிபார்த்த பின்தான் உறுதியாக நின்றார். சரி என்று கண்டால், இரண்டாம் முறையும் சொல்லுங்கள். எழுதி வையுங்கள். பிறகு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். எடிங்டன் கேலி செய்தார். அவர் பிழை என்று தெரிந்தவர்கள் தனிமையில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். நம்மில் அதிகமானோர் எடிங்டன் அல்ல. அந்தப் பேசாமல் இருந்தவர்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை எழுந்து பேசும்போது, அதை நினைத்துக்கொள்வோம்.

வாலிபர் கூட்டத்தில் பேச:

1. நீங்கள் சரியாகச் சொல்லியும் மற்றவர்கள் சிரித்த ஒரு நேரம் உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

2. ஒருவரை மன்னிப்பதற்கும், அவர் செய்தது சரி என்று சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?

3. நம் சபையில் யாருடைய சொல்லை நாம் கேட்காமல் விடுகிறோம்?

வெயில் காலம் வந்ததும் எல்லோருமாக றிச்மண்ட் ஹில்லுக்கு ஒருமுறை போவோம். அது தண்ணீர்த் தாங்கியா என்று யாராவது கேட்டால், இந்தமுறை பதில் சொல்ல நமக்குத் தெரியும்.